பழைய கித்தான் பட்டறையின் வரலாறு: தேதி இல்லாத பொருட்களுக்கு எதை வைத்துக் காலம் கணிப்பது?

#1 · ஏடும்நூலும்

வணக்கம். நூறாண்டைத் தாண்டிய ஒரு ஆனிங் (ஜன்னல், கடை முகப்பில் வெயில் மறைக்கும் துணிச் சாய்ப்பு) – கேன்வாஸ் தயாரிப்பு நிறுவனத்தின் வரலாற்றைத் தொகுக்கும் வேலை நடக்கிறது. கணக்குப் புத்தகங்கள் பாதிதான் தேறின. மிச்சம் இருப்பவை துணி மாதிரிக் கட்டுகள், கழற்றி வைத்த ஆனிங்குகள், கூடாரத் துண்டுகள், ஐலெட் (துணித் துளைக்கான உலோக வளையம்) அடிக்கும் அச்சுகள், கனரகத் தையல் மெஷின்கள், பைப் ஃபிரேம் துண்டுகள், ஒரு பெட்டி நிறைய அளவுச் சீட்டுகள். எதிலும் தேதி இல்லை.

குறைந்தது பத்தாண்டுக் கணக்கிலாவது இவற்றை வரிசைப்படுத்த வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்? எதை நம்பலாம், எது ஏமாற்றும்?

#2 · கித்தான்காரர்

முதலில் டேப்பை எடுத்துத் தையலுக்குத் தையல் அளந்து பாருங்கள் சார். பழைய பருத்தி ஆனிங் துணி 30, 31 அங்குல அகலத்தில்தான் பெரும்பாலும் வந்தது. அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணி வந்தபின் அமெரிக்க வழக்கில் 46 அங்குலம், ஐரோப்பிய வழக்கில் 120 செ.மீ. தையலில் ஏறிப்போகும் அரை முதல் முக்கால் அங்குலத்தைக் கழித்தால், முழு அகலப் பட்டிகளின் (பக்கத்துக்குப் பக்கம் இணைத்துத் தைக்கும் துணி நீளங்களின்) தையல் இடைவெளி 30-ஐ ஒட்டி நின்றால் பருத்திக் காலம், 45-ஐ ஒட்டி நின்றால் அக்ரிலிக் காலம். ஓரப் பட்டியை அளக்காதீர்கள். அது அளவுக்கு வெட்டப்பட்டது. நடுப் பட்டிதான் பேசும்.

அளவுச் சீட்டுகளும் இதே கதையைச் சொல்லும். 10 அடி, அதாவது 120 அங்குல ஆனிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 31 அங்குலத் துணியில் நாலு பட்டி போட்டால் 124. மூன்று தையலுக்கு முக்கால் அங்குலம் வீதம் 2¼ போகும், இரண்டு ஓர மடிப்புக்கு ஒன்றரை வீதம் 3 போகும். மிஞ்சுவது 118¾. ஒன்றேகால் அங்குலம் குறைகிறது, ஆகவே ஐந்து பட்டி. 46 அங்குலத் துணியில் மூன்று பட்டி போதும், வெட்டி எறியவும் இருக்கும். சீட்டில் 10 அடிக்கு '5' என்று எழுதியிருந்தால் அது எந்தத் துணி என்று தனியாகத் தேட வேண்டாம்.

#3 · பாவும்ஊடும்

அகலத்துக்கு அடுத்தது நெசவு. ஒரு விரலகலத் துண்டைப் பிரித்துப் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியே முறுக்கு அவிழ்த்துப் பாருங்கள்.

பாவும் ஊடையும் இரண்டுமே பல இழை முறுக்கிய நூலாக இருந்தால் அது நம்பர் டக் (டக் என்றால் கெட்டி நெசவுக் கித்தான்). பாய்மரம், கப்பல் மூடி, கனமான படுதா, பெரிய கூடாரம் ஆகியவற்றுக்குப் போனது. பாவில் இரண்டிரண்டு ஒற்றை நூல் முறுக்காமல் ஒட்டி ஓடி, ஊடையில் ஒற்றை நூல் மட்டும் இருந்தால் அது சிங்கிள் ஃபில் டக், மலிவு ரகம். கஞ்சி நிறைய ஏற்றிக் கனமாகக் காட்டப்படும். ஒரு மழையில் கஞ்சி கரைந்ததும் துணி தொளதொளத்துவிடும். ஆனிங்குக்கு நல்ல ரகம் ஆர்மி டக். எடை குறைவு, ஆனால் இரு பக்கமும் முறுக்கு நூல்.

பருத்திக்கு முந்தைய கித்தான் ஆளி நாரிலும் ஹெம்ப் நாரிலும் நெய்யப்பட்டது. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் நூல், நனைத்தால் பலம் கூடுவது, மடித்த இடத்தில் நார் உடைவது, இவை அடையாளங்கள்.

#4 · ஏடும்நூலும்

நன்றி. ஒரு மாதிரிக் கட்டில் '10' என்று முத்திரை. இன்னொன்றில் '10 அவுன்ஸ்' என்று கையெழுத்து. இரண்டும் ஒன்றுதானா? கையில் பிடித்தால் முதலாவது நன்றாகக் கனக்கிறது.

#5 · பாவும்ஊடும்

ஒன்றல்ல. பழைய பட்டியல்களைப் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நம்பர் டக்கில் எண் கூடக் கூடத் துணி மெலியும். 22 அங்குல அகலம், 36 அங்குல நீளமுள்ள துண்டின் எடை, 19-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வரும் அவுன்ஸ். 10-ஆம் நம்பர் என்றால் துண்டு 9 அவுன்ஸ். சதுர கஜத்துக்கு மாற்றினால் 14.7 அவுன்ஸ், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 500 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). 8-ஆம் நம்பர் சதுர கஜத்துக்கு 18 அவுன்ஸ், 610 ஜி.எஸ்.எம். 12-ஆம் நம்பர் 11½ அவுன்ஸ், 390 ஜி.எஸ்.எம்.

'10 அவுன்ஸ்' என்பது நேரடி எடை. அதிலும் ஒரு வில்லங்கம். எடை சதுர கஜத்துக்கா, குறுகிய அகலத் துணியின் ஓட்ட கஜத்துக்கா (அகலம் எதுவானாலும் ஒரு கஜ நீளத்துக்கா) என்று பட்டியலுக்குப் பட்டியல் மாறும். முத்திரையை நம்பாமல் 10 செ.மீ. சதுரம் வெட்டித் தராசில் வையுங்கள். கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வெட்ட மனமில்லை என்றால் முழுத் துண்டையும் நிறுத்து, அளந்த பரப்பால் வகுத்துக்கொள்ளலாம். மெழுகோ எண்ணெயோ ஏறிய துணியில் எடை கூடுதலாகத்தான் காட்டும்.

#6 · ஐலெட்

துணி எதுன்னு சந்தேகம் வந்தா ஒரே ஒரு நூலை உருவி, வெட்டவெளியில, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்துங்க.

பருத்தி: காகிதம் எரியுற வாசனை, கங்கு கொஞ்ச நேரம் நிக்கும், சாம்பல் ஊதினாப் பறக்கும்.
அக்ரிலிக்: உருகிக்கிட்டே எரியும், கரும்புகை, கோணல்மாணலா கறுப்புக் கட்டி.
பாலியெஸ்டர்: சுருங்கி உருகும், உருண்டையா கெட்டி மணி.
பி.வி.சி.: மூக்கைப் பிடுங்குற நெடி. செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் துணியைத் தொட்டுட்டு மறுபடி தீயில காட்டினா பச்சை ஜுவாலை. பச்சை வந்தா பி.வி.சி.ன்னு எழுதிக்கலாம்.

#7 · சாயத்தொட்டி

கடைசி வரி ஆபத்து தம்பி. பச்சை ஜுவாலை குளோரின் இருக்கிறது என்று மட்டுமே காட்டும். இரண்டாம் உலகப் போர்க் கால ராணுவக் கேன்வாஸ் பருத்திதான், ஆனால் தீ, மழை, பூஞ்சணம் மூன்றுக்கும் சேர்த்து குளோரினேற்றிய பாரஃபினும் ஆன்டிமனி ஆக்சைடும் ஏற்றியிருப்பார்கள். அதுவும் பச்சை காட்டும். செப்பு நாஃப்தனேட் என்ற பூஞ்சணத் தடுப்பு ஏற்றிய துணியில் செம்பே இருக்கிறது, கம்பி இல்லாமலே தீ பச்சையாகும்.

ஆகவே வெட்டுமுனையை முதலில் லென்ஸில் பாருங்கள். பி.வி.சி. என்றால் நடுவில் வலை போன்ற பாலியெஸ்டர் அடித்துணியும் இரு பக்கமும் பிளாஸ்டிக் படலமும் தெரியும். ஏற்றம் பெற்ற பருத்தியில் படலம் தனியே உரிந்து வராது.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பூஞ்சணத் தடுப்பு மருந்துகளில் பென்டாகுளோரோஃபீனால் மாதிரி விஷங்கள் உண்டு. வெல்டிங் திரை, தீத்தடுப்புத் திரை மாதிரி சாம்பல் வெள்ளைத் துணி கட்டில் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு உதறாமல், வெட்டாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, பரிசோதனைக்கு அனுப்புங்கள். மற்றதைக் கையுறை, முகமூடியோடு கையாளுங்கள்.

#8 · ஐலெட்

சரிதான் அண்ணே. லென்ஸ் முதல்ல, நெருப்பு அப்புறம்.

#9 · சாயத்தொட்டி

நீர்க்காப்பு வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையின் வரலாற்றில் முக்கால்வாசி இந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறது.

மிகப் பழையது தார், அடுத்தது ஆளி விதை எண்ணெய். கொதிக்க வைத்த எண்ணெயில் நிறமி கலந்து இரண்டு மூன்று கை பூசுவார்கள். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், இறுகும்போது சூடு வெளிவிடும். சரியாக இறுகாத படுதாவை மடித்து அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். எண்ணெய் துடைத்த கந்தலும் அப்படித்தான். பழைய பட்டறைகளில் எண்ணெய்க் கொட்டகை தையல் கூடத்தை விட்டு ஒதுங்கி நின்றது இதனால்தான். உங்களிடம் கட்டட வரைபடம் இருந்தால் தனியே நிற்கும் ஒரு சின்னக் கட்டடத்தைத் தேடுங்கள். மாதிரித் துணியில் மடிப்பு வெடித்து, மஞ்சள் பழுப்பேறி, பழைய வார்னிஷ் வாசனை வந்தால் எண்ணெய்த் துணி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லெஸ்டன் முறை வந்தது. செப்பு அம்மோனியக் கரைசலில் துணியைத் தோய்த்தால் நூலின் மேல்தோல் லேசாகக் கரைந்து ஒட்டிக்கொள்ளும், செம்பு உள்ளே தங்கும், பூஞ்சணம் அண்டாது. அந்த மங்கிய பச்சைதான் பின்னாளில் கூடாரத்துக்கே உரிய நிறமாக நிலைத்தது. செப்பு நாஃப்தனேட்டும் பச்சைதான், ஆனால் அதற்கு ஒரு தனி எண்ணெய் வாசனை உண்டு, வருஷக்கணக்கில் போகாது. செம்பு ஏறிய துணியை அலுமினிய ஃபிரேமில் மாட்டினால் மழைநீரோடு வடியும் செம்பு அலுமினியத்தில் குழி குழியாக அரிக்கும். ஃபிரேமில் அப்படிக் குழிகள் தெரிந்தால், பழைய பருத்தி ஆனிங்கின் அளவிலேயே புதிய ஃபிரேம் போட்ட இடைக்காலம் என்று ஊகிக்கலாம்.

மெழுகு முறையில் பாரஃபினைக் கரைப்பானில் கரைத்துப் பூசுவார்கள். இதன் ஆபத்து உலகத்துக்கே தெரிந்தது 1944 ஜூலை 6-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில். பாரஃபினும் பெட்ரோலும் கலந்து நீர்க்காப்பு செய்திருந்த சர்க்கஸ் கூடாரம் சில நிமிடங்களில் எரிந்து விழுந்தது. குறைந்தது 167 பேர் இறந்தார்கள். அதற்குப் பிந்தைய காலத்தில்தான் கூடாரத் துணிக்குத் தீப்பரிசோதனை கட்டாயமாகிப் பரவியது. அமெரிக்கப் பொருளில் என்.எஃப்.பி.ஏ. 701 (துணிக்கான அமெரிக்கத் தீப்பரிசோதனைத் தரநிலை) என்றோ கலிஃபோர்னியா தீயணைப்பு முத்திரையோ தைத்திருந்தால் அது பெரும்பாலும் 1944-க்குப் பிந்தையதாக இருக்கும்.

#10 · மெழுகுநூல்

தையலுக்கு வருவோம். கைத்தையலா மெஷின் தையலா என்பதை வைத்து மட்டும் காலம் சொல்லாதீர்கள். சிங்கர் காப்புரிமை 1851. ஆனாலும் அதற்கு நூறாண்டு கழித்தும் கயிறு கோத்த ஓரம், மூலைப் பட்டி, வளையம் ஆகியவற்றைக் கையால்தான் தைத்தார்கள். மெஷின் பாதத்துக்குள் அந்தக் கனம் நுழையாது.

கைத்தையலுக்கு உள்ளங்கையில் தோல் பட்டை, அதில் ஊசியின் காதைத் தள்ள ஒரு உலோகக் குமிழ். ஊசி முனை முக்கோண வெட்டு. நூல் தேன்மெழுகில் இழுத்தது. ஓரக் கயிறு தைக்கும்போது கயிற்றின் ஒரு புரிக்கு ஒரு தையல் என்று புரியின் சாய்விலேயே போகும். துணியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துத் தைக்க வேண்டும், ஏனென்றால் கயிறு இழுபடும். தளர்வு கொடுக்காமல் தைத்தால் கயிறு நீண்டபின் பாரம் முழுக்கத் துணி ஓரத்தில் விழுந்து, மூலை கிழியும். கழற்றி வைத்த கூடாரங்களில் மூலை எல்லாம் ஒரே மாதிரி கிழிந்திருந்தால் காரணம் காற்று இல்லை, இதுதான்.

மெஷின் தையலில் பாருங்கள்:

அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் இருப்பது சரி. 10-க்கு மேல் போனால் துணி தபால்தலை ஓரம் போலத் துளையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். சட்டை தைத்துப் பழகிய கைகள் புதிதாகக் கேன்வாஸுக்கு வந்த காலத்துப் பொருட்களில் இது அதிகம்.

ஒரு நுனியை இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்தால் சங்கிலித் தையல். பாபின் மாற்றாமல் நீளமாக ஓட்டலாம் என்பதற்காகப் பெரிய பட்டறைகள் பட்டி இணைப்புக்கு வைத்திருந்தன. ஒரு இடம் அறுந்தால் ஆனிங்கே பிரிந்துவிடும் என்பதால் முடிவில் திருப்பித் தைத்திருப்பார்கள். சிறிய பட்டறையில் எல்லாமே லாக் ஸ்டிச்சாகத்தான் (மேல் நூலும் பாபின் நூலும் பின்னிக்கொள்ளும் தையல்) இருக்கும்.

நூல்: பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஊசித் துளையை அடைக்கும். அதனால்தான் பருத்தித் துணிக்குப் பருத்தி நூல், அல்லது பாலியெஸ்டர் நடுவே வைத்துப் பருத்தி சுற்றிய நூல். அக்ரிலிக்கில் அந்தச் சலுகை இல்லை. துணியும் ஊதாது, நூலும் ஊதாது, துளை துளையாகவே நிற்கும்.

#11 · ஏடும்நூலும்

மெஷின்களில் ஒன்றில் சீரியல் எண் தட்டு தெளிவாக இருக்கிறது. இன்னொன்று பிரம்மாண்டம், கைச்சக்கரமே ஒரு முழம் இருக்கும்.

#12 · மெழுகுநூல்

சீரியல் எண்ணின் முன்னெழுத்தை வைத்து சிங்கர் மெஷின்களுக்கு எந்த ஆலை, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கலாம், பட்டியல்கள் பொதுவில் இருக்கின்றன. ஆனால் மெஷினின் ஆண்டு பட்டறைக்கு வந்த ஆண்டு அல்ல. கனரக மெஷின்கள் கைமாறிக் கைமாறித்தான் ஓடின. அந்தப் பிரம்மாண்டம் சிங்கர் 7-ஆம் வகுப்பாக இருக்கலாம், பாய்மரக் கூடத்திலும் படுதாப் பட்டறையிலும் ஓடியது அதுதான். மெஷினைவிட ஊசிப் பெட்டியைப் பாருங்கள். 18, 20-ஆம் நம்பர் ஊசி மிகுந்திருந்தால் டெக்ஸ் 90 நூல் (டெக்ஸ் என்பது நூலின் தடிப்பு அளவு, எண் கூடினால் தடிப்பும் கூடும்), ஆனிங் வேலை. 22-க்கு மேல் என்றால் டெக்ஸ் 135-உம் அதற்கு மேலும், கனப்படுதா வேலை.

#13 · கித்தான்காரர்

அளவுச் சீட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நிறுவனத்தின் வரவு செலவு அதில்தான் ஒளிந்திருக்கும். சீட்டில் சுவரிலிருந்து கீழிறக்கம், முன் நீட்டம், அகலம், முன்தொங்கல் என நாலு அளவு இருக்கும். பக்கச் சிறகு உண்டா இல்லையா என்று ஒரு குறி. அதோடு ஒரு தனி எண் இருந்தால், அதே எண் ஆனிங்கின் மேல் மடிப்பில் மையிலோ ஸ்டென்சிலிலோ இருக்கிறதா பாருங்கள்.

குளிர்காலம் உள்ள ஊர்களில் ஆனிங் கம்பெனி ஆனிங் விற்று மட்டும் பிழைத்ததில்லை. இலையுதிர் காலத்தில் கழற்றுவது, துவைத்துக் காயவைப்பது, கிழிசல் தைப்பது, சேமிப்பில் வைப்பது, வசந்தத்தில் மறுபடி மாட்டுவது, இது ஆண்டு தவறாத வருமானம். மேல் மடிப்பு எண் அந்தச் சேமிப்புக்கானது. எந்த வீடு, எந்த ஜன்னல் என்று காட்டும். ஒரே எண்ணில் இரண்டு மூன்று துணி கிடைத்தால் அது பழைய ஃபிரேமுக்கு மறுதுணி போட்ட வரிசை. பருத்தி ஆனிங் ஐந்தாறு வருஷம் தாங்கினாலே பெரிது என்பதால், அந்த வரிசையை வைத்தே காலம் எண்ணலாம்.

சேமிப்பில் சாவது எது தெரியுமா? ஈரத்தோடு சுருட்டியது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுருளில் சில நாளிலேயே கறுப்புப் புள்ளி விழும். பூஞ்சணம் பருத்தியைத் தின்கிறது, வெறும் கறை இல்லை. விரலால் அழுத்தினால் அந்த இடம் பொத்தென்று விடும்.

#14 · சாயத்தொட்டி

போர்க் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உலகப் போர்களிலும் ஆனிங் பட்டறைகள் கூடாரம், லாரி மூடி, பீரங்கி உறை, கப்பல் மூடி என்று திரும்பின. கோடு போட்ட துணி மாதிரிக் கட்டில் சட்டென்று மறைந்து பச்சையும் காக்கியும் மட்டுமே வரும் பகுதி இருந்தால் அதுவாக இருக்கலாம். பிரிட்டிஷ் அரசுப் பொருள் என்றால் மேல்நோக்கிய அம்புக்குறி முத்திரை இருக்கும், பல சமயம் பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். தேதியே இல்லை என்கிற உங்களுக்கு அது லாட்டரி.

#15 · கித்தான்காரர்

அமெரிக்க நிறுவனம் என்றால் போருக்குப் பின்தான் பெரிய சரிவு. 1950-களில் ஜன்னல் ஏ.சி. வீடு வீடாக நுழைந்தது, கூடவே துவைக்கத் தேவையில்லாத அலுமினிய ஆனிங். சேமிப்பு வருமானம் இரண்டு பக்கமும் அறுந்தது. தாக்குப் பிடித்தவர்கள் படகு மூடி, கடை முகப்பு, விழாக் கூடாரம் என்று பிரிந்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஆனிங் மறுபடி பேசப்பட்டதற்குக் காரணம் எளிது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது, உள்ளே வந்தபின் திரையால் மறைப்பதைவிடப் பயன் தரும். கோடையில் தெற்கு ஜன்னல் வழி வரும் வெயில் சூட்டில் 65 சதவீதம் வரை, மேற்கில் 77 சதவீதம் வரை ஆனிங் குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு.

இதில் என் கருத்து ஒன்று. நிறுவன வரலாறுகளில் ஏ.சி.யை வில்லனாக்குவது வழக்கம். பருத்தியின் பலவீனமே பாதிக் காரணம் என்பேன். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை மறுதுணி, வருஷா வருஷம் கழற்றி மாட்டுவது, இதைச் சுமக்க வீட்டுக்காரருக்கு வேறு வழி கிடைத்ததும் விட்டுவிட்டார்.

#16 · பாவும்ஊடும்

அந்த பலவீனத்துக்குப் பதில்தான் அக்ரிலிக். அமெரிக்காவின் கிளென் ரேவன் நிறுவனம் 1880-இல் தொடங்கியது, சன்பிரெல்லா என்ற பெயரில் அக்ரிலிக் ஆனிங் துணியை 1961-இல் கொண்டுவந்தது. நிறமியை இழை ஆக்கும் முன்பே கரைசலில் கலந்துவிடுவதால் நிறம் இழையின் நடு வரை இருக்கும்.

அடையாளம் காணும் வழி: ஓர மடிப்பைப் பிரித்து உள்ளே வெயில் படாத நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். பருத்தியில் இரண்டு வேறு துணி போலத் தெரியும். அக்ரிலிக்கில் அழுக்கைத் துடைத்தால் ஏறத்தாழ ஒன்றே. பெயின்ட் அடித்த பருத்தியில் கோடு மேல்புறம் மட்டும், அடிப்புறம் ஒரே நிறம். நெய்த கோடு இரு புறமும் தெரியும்.

#17 · மெழுகுநூல்

அக்ரிலிக் வந்ததும் பிரச்சினை நூலுக்கு இடம் மாறியது. கடும் வெயிலில் துணி பத்து வருஷம் நின்றால் பாலியெஸ்டர் நூல் அதில் பாதியில் நைந்துவிடும், வெள்ளை முதலில், கறுப்பு கடைசியில். எனவே துணி நன்றாக இருந்து இரண்டாவது தையல் கோடு பக்கத்தில் ஓடினால் அது மறுதையல், முதல் தயாரிப்பு இல்லை. நூல் வழவழவென்று நகத்தில் நிற்காமல் வழுக்கினால், தீயில் உருகி மணி கட்டாவிட்டால், பி.டி.எஃப்.இ. நூல், அதாவது டெஃப்லான் வகை. மிகப் பிந்தைய காலம். அது துணியைவிட அதிகம் வாழும், ஆனால் முடிச்சு நிற்காது. தொடக்கத்திலும் முடிவிலும் நீளமாகத் திருப்பித் தைக்க வேண்டும், பாபின் இறுக்கத்தையும் கூட்ட வேண்டும்.

#18 · சாய்ப்பு

ஃபிரேம் துண்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

துத்தநாகம் பூசிய அரை, முக்கால் அங்குல இரும்புப் பைப், மரை வைத்த இணைப்பு, கயிறு ஓடும் கப்பி: இது பழைய தூக்கி இறக்கும் ஆனிங். துணி ஐலெட் வழியே கயிற்றால் பைப்பில் கட்டப்பட்டிருக்கும். வெல்டிங் செய்த நிலை ஃபிரேம் அடுத்தது. அலுமினியக் குழாயில் நீளவாக்கில் ஒரு பள்ளம், அதில் துணியை ஸ்டேப்பிள் அடித்து மேலே பிளாஸ்டிக் பட்டி செருகியிருந்தால் 1980-களும் அதற்குப் பின்னும். ஒளி ஊடுருவும் வினைலும் உள்ளே ட்யூப் லைட்டும் வைத்த கடைப் பலகை ஆனிங்கின் காலம் அது.

மடக்குக் கை ஆனிங் ஐரோப்பாவில் வளர்ந்தது. கைக்குள் ஸ்பிரிங், முழங்கையில் சங்கிலியோ கேபிளோ, துணி உருளையில் சுற்றும். மோட்டாரை உருளைக்குள்ளேயே வைத்தது அடுத்த கட்டம். இந்த வகையில் புகார் எப்போதும் ஒன்றுதான்: தையல் ஓரமாகத் துணி அலை அலையாகத் தொங்குகிறது. தையலில் துணி இரட்டைக் கனம். உருளையில் சுற்றச் சுற்ற அந்த இடம் தடித்துச் சுற்றளவு கூடும், தையல் கோடு அதிகம் இழுபடும், நடுத் துணி தளர்ந்து நிற்கும். உருளையின் நடு வளைவும் சேர்ந்தால் இன்னும் மோசம். இது தயாரிப்புக் குறை இல்லை, சுற்றும் துணியின் இயல்பு. அடுத்த புகார் மழைநீர் தேங்குவது. சாய்வு 14 பாகைக்குக் குறைந்தால் நீர் குளம் கட்டும், அதன் எடையில் துணி இன்னும் தொங்கும், கை வளையும். ஐரோப்பியத் தரநிலை இ.என். 13561 முத்திரை இருந்தால் அது அண்மைக் காலப் பொருள்.

#19 · ஐலெட்

பி.வி.சி. பத்தி நான் சொல்றேன். இதுல தையலே இல்ல, வெல்டிங். சூடான காத்து, இல்லன்னா 27.12 மெகாஹெர்ட்ஸ் உயர் அலைவரிசை மெஷின். வெல்ட் அகலம் 2 முதல் 4 செ.மீ. நல்ல வெல்டா இல்லையான்னு பார்க்க ஓரத் துண்டை உரிச்சுப் பாருங்க. படலம் பிய்ஞ்சு உள் வலை வெளிய தெரிஞ்சா வெல்ட் ஜெயிச்சது. ரெண்டு படலமும் பளபளன்னு அப்படியே பிரிஞ்சா சூடு பத்தல, இல்ல அழுக்கு, இல்ல மேல் வார்னிஷைத் தேய்க்காம ஒட்டிட்டாங்க.

பழைய பி.வி.சி. முதல்ல பிசுபிசுக்கும், அப்புறம் வெடிக்கும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்த்த மென்மையாக்கி மருந்து வெளியேறுறதால. வெட்டுமுனையில இருந்து உள்ள நேர்கோடா கறுப்புக் கோடு போனா, நூல் வழியா தண்ணி ஏறி உள்ளயே பூஞ்சணம்னு அர்த்தம். அதைத் துடைக்க முடியாது, படலத்துக்கு அடியில இருக்கு.

ஐலெட் அச்சு பத்தி: வளையத்தை நூலால சுத்தித் தைச்சிருந்தா பழைய முறை. தட்டையான வாஷர்னா சாதா ரகம், துணி இழுபட்டாக் கழண்டுக்கும். பல் வச்ச வாஷர், உருட்டின விளிம்புன்னா கன ரகம். அச்சுல இருக்கிற எண்ணைப் பாருங்க, அமெரிக்க அளவுல 0 கால் அங்குலம், 2 எட்டுல மூணு அங்குலம், 4 அரை அங்குலத் துளை. துளையை ஐலெட் குழாயைவிடச் சின்னதா வெட்டணும், பெருசா வெட்டினது எல்லாம் பிய்ஞ்சிருக்கும். வெல்க்ரோ ஒட்டின எதுவும் 1950-களின் கடைசிக்கு முந்தினதா இருக்க வழியில்ல.

#20 · ஏடும்நூலும்

ஒவ்வொன்றும் பொன். வரிசை இப்படி வைத்துக்கொள்கிறேன்: தையல் இடைவெளி, லென்ஸில் வெட்டுமுனை, நூல், பொருத்துச் சாமான், கடைசியில்தான் தீ. ஒரு சந்தேகம் மட்டும்: ஒரே ஆனிங்கில் 30 அங்குலப் பட்டியும் பாலியெஸ்டர் நூலும் ஐலெட்டில் பல் வாஷரும் கலந்திருக்கின்றன. எதை நம்ப?

#21 · கித்தான்காரர்

எல்லாவற்றையும் நம்பலாம், ஆனால் தனித்தனியாக. மிகப் பிந்தைய பாகம் எதுவோ, பொருள் கடைசியாகப் பட்டறையை விட்டு வெளியே போன காலம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. துணி எப்போது வெட்டப்பட்டது என்பது வேறு கேள்வி. பாலியெஸ்டர் நூல் பழைய ஊசித் துளைகளிலேயே போகிறதா, புதுத் துளை போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய துளைக் கோடு பக்கத்தில் காலியாக இருந்தால் மறுதையல். துளை ஒரே வரிசைதான், அதில் பருத்தி நூலின் துணுக்கு எதுவும் சிக்கவில்லை என்றால், பழைய 31 அங்குலச் சரக்கு கிடங்கில் மிஞ்சியிருந்து பின்னாளில் தைக்கப்பட்டது. ஐலெட்டைச் சுற்றித் துணியில் பழைய வளையத்தின் பச்சைக் கறை வேறு விட்டத்தில் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பதிவேட்டில் துணி, தையல், பொருத்து என்று மூன்று தேதிக் கட்டம் போடுங்கள், ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள்.

#22 · பாவும்ஊடும்

படம் எடுக்கும்போது மடிப்பைப் பிரித்த இடத்தில் ஒரு அளவுகோலும் வைத்து எடுத்துப் போடுங்கள். நூல் எண்ணிக்கை அங்குலத்துக்கு எத்தனை என்று இங்கேயே எண்ணிச் சொல்லிவிடலாம்.